காணாமற்போன விமானியும் தேடிச்சென்ற மாணவரும்

போர்க்களத்தில் உயிர்நீத்த வீரனின் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அவன் தாய்க்கு ஓர் அறிவித்தல் போய்ச் சேர்கின்றது. அவ்வறிவித்தல் எத்துணைக் கொடியதாயினும், மனமார அழுவதற்கேனும் அது இடமளிக்கின்றது. காணாமற்போனவனின் வீட்டாருக்கு அதுவும் இல்லை. ருஷ்ய மொழியில் இத்தகையோரைக் குறிக்கும் இராணுவச் சொற்றொடருக்குச் ‘செய்தியின்றி மறைந்தவர்’ என்பது நேர்ப்பொருள். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது சோவியத் இராணுவ ஏடுகளில் இலட்சக்கணக்கான பெயர்களுக்கு எதிரே இச்சொற்றொடர் எழுதப்பட்டது. அப்பெயர்களுள் ஒன்று லிடியா விளாடிமிரோவ்னா லிட்வியாக் என்பதாகும்.

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி தமது சண்டை விமானத்தில் வானேறிச் சென்று மீளாத இவ்விளம் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட அச்சொற்றொடர் நீக்கப்படுவதற்கு நான்கு தசாப்தங்களுக்கு மேற் சென்றன. அதனை நீக்குவதற்கு முன்னின்று உழைத்தோர் தளபதிகளோ அமைச்சர்களோ அல்லர். ஒரு விமான மெக்கானிக்கும், ஒரு பாடசாலை ஆசிரியையும், அவரிடம் கற்ற பிள்ளைகளுமே. பாசிசத்தை வென்ற மக்களின் பெருமையும், அம்மக்களை நம்ப மறுத்த ஓர் ஆட்சிமுறையின் சிறுமையும் ஒருங்கே பின்னிக் கிடக்கும் இவ்வரலாற்றை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் அவசியமென்பது நமது துணிபு.

லிடியா 1921 ஓகஸ்ட் 18ஆந் திகதி மாஸ்கோவிற் பிறந்தார். தந்தையார் புகையிரதப் பகுதி ஊழியர். இத்தகைய எளிய குடும்பத்துப் பெண்ணொருத்தி விமானமோட்டக் கற்பதென்பது அக்காலத்தில் உலகின் பெரும்பாலான நாடுகளில் எண்ணிப் பார்த்தற்கும் அரிய செயலாகும். அங்கெல்லாம் விமானமோட்டல் செல்வர்தம் பொழுதுபோக்காகவோ ஆண்களுக்கு மட்டும் உரிய இராணுவத் தொழிலாகவோ இருந்தது. சோவியத் நாட்டிலோ, 1927இல் உருவான ஒசோவியாஹிம் என்னும் மக்கள் அமைப்பு நகரந்தோறும் விமானக் கழகங்களை நிறுவி, தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் இருந்த இளைஞரையும் யுவதிகளையும் அவற்றிற் சேர்த்துக்கொண்டது. லிடியா பதினான்காவது வயதில் இவ்வாறான கழகமொன்றிற் சேர்ந்தார். பதினைந்தாவது வயதிலேயே தனித்து விமானமோட்டினார். பின்னர் கெர்சன் நகரப் பயிற்சிக்கூடத்திற் கற்றுத் தேறி, தாமே பிறருக்கு விமானமோட்டக் கற்பிக்கும் ஆசிரியையானார். ஜேர்மன் படையெடுப்புத் தொடங்கிய 1941இல் அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை.

ஆயின், இதே ஆண்டுகளிலேதான் அக்குடும்பத்தின்மீது பேரிடியும் விழுந்தது. 1937இல் தந்தையார் விளாடிமிர் ‘மக்கள் விரோதி’ எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அவர் வீடு திரும்பவேயில்லை. மகளுக்குச் சிறகளித்த அரசே தந்தையையும் கொண்டுசென்றது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறி மற்றதை மறைப்போர் உளர். சோவியத் சாதனைகளைப் பாடுவோர் தந்தையை மறந்துவிடுவர். அதனைத் தூற்றுவோர் விமானக் கழகத்தை மறந்துவிடுவர். லிடியாவோ இரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டே போருக்குச் சென்றார். ‘மக்கள் விரோதி’யின் பிள்ளை என்ற பெயர் எத்தகைய வாயில்களை அடைக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பெண்கள் களமுனைக்குச் செல்ல விண்ணப்பித்தனர். அவர்களுள் விமானமோட்டத் தெரிந்தோர் பலர் மறீனா ரஸ்கோவாவுக்குக் கடிதங்கள் எழுதினர். ரஸ்கோவா 1938இல் கிரிசொதுபோவா, ஒசிப்பென்கோ ஆகிய இருவருடன் மாஸ்கோவிலிருந்து தூரகிழக்கு வரை இடைநில்லாது பறந்து, ‘சோவியத் யூனியனின் வீரர்’ என்னும் உயர்விருதைப் பெற்ற முதற் பெண்கள் மூவருள் ஒருவர். அவரது முயற்சியின் பயனாக 1941 ஒக்டோபர் மாதத்திற் பெண்களைக் கொண்ட மூன்று விமானப் படைப்பிரிவுகளை அமைக்கும் ஆணை பிறந்தது. 586ஆவது சண்டை விமானப் பிரிவு, 587ஆவது குண்டுவீச்சுப் பிரிவு, 588ஆவது இரவுநேரக் குண்டுவீச்சுப் பிரிவு என்பன அவை. மூன்றாவது பிரிவினர், பயிற்சிக்கென அமைக்கப்பட்ட மரத்தாலும் துணியாலுமான சிறு விமானங்களிற் பறந்து, போர் முடியுமுன் 23,000க்கும் மேற்பட்ட தாக்குதற் பயணங்களை நிகழ்த்தினர். அவர்களை ஜேர்மன் படையினர் ‘இரவுச் சூனியக்காரிகள்’ என அழைத்தமை பலரும் அறிந்ததே.

இம்மூன்று பிரிவினருக்கும் வொல்கா நதிக்கரையிலுள்ள எங்கெல்ஸ் நகரிற் பயிற்சி அளிக்கப்பட்டது. லிடியா 586ஆவது பிரிவிற் சேர்க்கப்பட்டார். தாம் பறந்த மணித்தியாலங்களைச் சற்றுக் கூட்டிக் கூறியே அவர் அனுமதி பெற்றார் என்றொரு செய்தியும் உண்டு. 1942 செப்டெம்பர் மாதத்தில், ஸ்டாலின்கிராட் நகரின் தெருக்களிற் போர் மூண்டிருந்த வேளையில், அவரும் கத்யா புதனோவா உள்ளிட்ட வேறு சில பெண்களும் ஆண்களின் படைப்பிரிவொன்றுக்கு மாற்றப்பட்டனர். பெண்களுக்கென அமைந்த பிரிவிற் பறப்பது ஒன்று. ஆண்களே நிறைந்த களமுனைப் பிரிவில், ஐயத்தோடு நோக்கும் கண்களின் நடுவே, தம் திறமையை நாடோறும் நிறுவிக்கொண்டிருப்பது மற்றொன்று. சட்டத்தில் எழுதப்பட்ட சமத்துவம் வாழ்க்கையிற் சமத்துவமாவதற்கு ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே போராடவேண்டியிருந்தது என்பதற்கு இவர்களது களவாழ்வு சான்றாகும்.

அச்செப்டெம்பரிலேயே லிடியா தமது முதல் வெற்றிகளைப் பெற்றார் எனக் கூறப்படுகின்றது. 1943இன் தொடக்கத்தில் அவர் 296ஆவது பிரிவிற் சேர்ந்தார்; சிறப்பிற்காகக் ‘காவற்படை’ என்னும் தகுதி பெற்று 73ஆவது காவற்படைச் சண்டை விமானப் பிரிவெனப் பின்னர் பெயர் மாறியது இதுவே. அங்கு அவர் ஓட்டியது யாக்-1 எனப்படும் ஒற்றை இருக்கை விமானம். உருக்குக் குழாய்ச் சட்டமும் மர இறக்கைகளும் கொண்ட அவ்விமானத்தில் விமானிக்குத் துணை யாருமில்லை. ஓட்டுவதும், சுடுவதும், திசை காண்பதும், பின்னால் வரும் பகைவனைக் கவனிப்பதும் ஒருவரே. பிப்ரவரி மாதத்தில் அவருக்குச் செந்நட்சத்திர விருது வழங்கப்பட்டது. மார்ச் மாதத்தில் காலிற் காயமுற்றுச் சிகிச்சை பெற்றவர், காயம் முற்றும் ஆறுமுன்பே படைக்குத் திரும்பினார்.

மே மாத முடிவில் அவர் ஆற்றிய செயலொன்று அவரது போர்முறையை நன்கு விளக்கும். ஜேர்மன் பீரங்கிப் படையினர் தமது இலக்குகளை நோக்குவதற்காக ஒரு பெரும் பலூனைக் களமுனைக்கு மேலே மிதக்கவிட்டிருந்தனர். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சூழ்ந்த அதனை நேர்முகமாக நெருங்குதல் இயலாதிருந்தது. லிடியா களமுனையைத் தொலைவிற் சுற்றிச் சென்று, பகைவரின் பின்புலத்தினுட் புகுந்து, சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு அப்பலூனைத் தாக்கி எரித்தார். வெறுந் துணிச்சலைவிட, திட்டமிடும் அறிவும் பொறுமையுமே இச்செயலில் மேலோங்கி நிற்கின்றன.

அவர் வீழ்த்திய விமானங்கள் எத்தனை? பன்னிரண்டு எனச் சிலர் கூறுவர். ஆவணங்களைக் கொண்டு நான்கு அல்லது ஐந்து மட்டுமே தனித்து வீழ்த்தப்பட்டவை என்றும், மேலும் இரண்டோ மூன்றோ பிறரோடு சேர்ந்து வீழ்த்தப்பட்டவை என்றும் வேறு ஆய்வாளர் கணிப்பர். அவரது விமானத்தின் பக்கத்தில் வெண்மலரொன்று தீட்டப்பட்டிருந்தது என்பதும், ‘ஸ்டாலின்கிராட்டின் வெண்ரோசா’ என்னும் பட்டமும் பிற்கால எழுத்தாளரால் வளர்க்கப்பட்ட கதைகளிற் பெரும்பங்கு பெற்றவை. இக்கதைகளில் ஓர் ஆபத்து உண்டு. அழகிய பொன்னிறக் கூந்தலையும் வெண்மலரையும் பற்றியே பேசிக்கொண்டிருப்போர், தந்தையை இழந்த ஒரு தொழிலாளியின் மகள் இருபத்தொரு வயதில் நாள்தோறும் சாவை எதிர்கொண்ட மெய்வாழ்வைக் காண்பதில்லை. எண்ணிக்கை பன்னிரண்டாயினும் ஐந்தாயினும் அவரது தியாகம் குறைவதில்லை. மெய்யான வீரத்துக்கு மிகைப்படுத்தல் எந்த உதவியும் செய்யாது.

1943இன் கோடை அவரைச் சூழ்ந்திருந்தோரை ஒவ்வொருவராகக் கவர்ந்து சென்றது. மே மாதத் தொடக்கத்திற் படைப்பிரிவின் தளபதி பரனோவ் மாண்டார். அதே மாதம் 21ஆந் திகதி, லிடியாவின் போர்த்துணைவரும் அன்புக்குரியவருமெனக் கூறப்படும் அலெக்சி சலமாத்தின் விமான விபத்தில் உயிரிழந்தார். ஜூலை 19ஆந் திகதி தோழி கத்யா புதனோவா போரிலே வீழ்ந்தார். பதின்மூன்று நாட்களின் பின் லிடியாவின் முறை வந்தது.

அவ்வேளையிற் செஞ்சேனை, உக்ரேனின் கிழக்கிலே மியுஸ் நதியோரமாக ஜேர்மன் அரண்களைத் தாக்கிக்கொண்டிருந்தது. ஜூலை 17ஆந் திகதி தொடங்கிய அத்தாக்குதல், கூர்ஸ்க் களத்தில் நின்ற ஜேர்மன் கவசப் படைகளுள் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்த்தது. ஜூலை இறுதியில் அப்படைகள் எதிர்த்தாக்குதல் தொடுத்தமையால், ஓகஸ்ட் 2ஆந் திகதியளவிற் சோவியத் படைகள் தாம் பெருவிலை கொடுத்துப் பெற்ற நிலத்தை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அதற்கு முதல்நாள், அன்றைய நான்காவது பயணமாக, தரைத்தாக்குதல் விமானங்களுக்குத் துணையாக லிடியா பறந்தார். மேகங்களின் இடைவெளியூடாக ஜேர்மன் மெஸர்ஷ்மிட் விமானங்கள் அவரது விமானத்தின்மீது பாய்ந்ததையும், அது புகை கக்கியவாறு மேகத்தினுள் மறைந்ததையும் உடன் பறந்த இவான் பொரிசென்கோ என்னும் விமானி கண்டார். அவர் மேகத்தின் கீழே இறங்கிப் பார்த்தபோது பரசூட்டையும் காணவில்லை, வெடித்தெழுந்த தீயையும் காணவில்லை. இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை. படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்த அந்நிலத்தில் அமைதியாகத் தேடும் வாய்ப்பு அன்று எவருக்கும் கிடைக்கவில்லை.

இங்ஙனம் லிடியா ‘செய்தியின்றி மறைந்தவர்’ ஆனார். இச்சொற்றொடர் அன்றைய சோவியத் நாட்டில் வெறுந் துயரச் செய்தியன்று. அது ஒரு கேள்வியும், ஐயமும் ஆகும். இதனை விளங்கிக்கொள்ள 1941 ஓகஸ்ட் 16ஆந் திகதி பிறப்பிக்கப்பட்ட 270ஆம் இலக்க ஆணையை நோக்குதல் வேண்டும். போரின் முதல் வாரங்களிற் பெரும்படைகள் சூழப்பட்டுச் சிறைப்பட்ட நிலையில் ஸ்டாலினால் வெளியிடப்பட்ட இவ்வாணை, பகைவரிடம் சரணடையும் தளபதிகளையும் அரசியல் அதிகாரிகளையும் தப்பியோடியோராகக் கணித்து, அவர்தம் குடும்பத்தினரைக் கைது செய்யவும் இடமளித்தது. சரணடையும் சாதாரண வீரர்களின் குடும்பங்களுக்கு அரச உதவியை மறுத்தது. காணாமற்போனவர் சரணடைந்தவர் என ஆணையில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் உடலும் சாட்சியும் இல்லாதவிடத்து, அவர் சிறைப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுவதைத் தடுப்பார் யார்?

பிற்காலத்தில் கிரிவொஷேயெவ் என்னும் ஜெனரலின் தலைமையில் வெளியிடப்பட்ட உத்தியோகபூர்வ இழப்புக் கணக்கிலும், காணாமற்போனோரும் சிறைப்பட்டோரும் ஒரே தலைப்பின் கீழேயே, ஏறத்தாழ 45 இலட்சத்து 59 ஆயிரம் பேராக, சேர்த்தெண்ணப்பட்டுள்ளனர். போர்க்களத்தின் குழப்பத்தில் அவர்களைப் பிரித்தெண்ணுதல் அரிதென்பது உண்மையே. எனினும் கணக்கேட்டில் ஒன்றாயிருந்த அத்தலைப்பு, மக்களின் வாழ்க்கையிலும் ஒன்றாகவே இருந்தது என்பதுதான் கொடுமை.

லிடியாவின் அச்சமும் இதுவே. சாவதைவிடக் காணாமற்போவதையே அவர் அஞ்சினார் என, அவரது விமானத்தைப் பராமரித்த மெக்கானிக்கான இன்னா பாஸ்போர்ட்னிக்கோவா பிற்காலத்திற் கூறியுள்ளார். தந்தை ‘மக்கள் விரோதி’. மகளும் காணாமற்போனால் ஊர் என்ன சொல்லும், அதிகாரிகள் என்ன எழுதுவார்கள், தாயும் தம்பியும் என்ன ஆவார்கள் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. அவர் அஞ்சியவாறே நடந்தது. அவரைச் ‘சோவியத் யூனியனின் வீரர்’ என்னும் விருதுக்குப் படைப்பிரிவினர் பரிந்துரைத்தனர். உடல் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் அது வழங்கப்படவில்லை. ஜேர்மனியரிடம் சிறைப்பட்டிருந்தார் என்ற வதந்தியும் பரவியது.

சிறைப்பட்டுப் பின்னர் மீண்டவர்களுக்கு நேர்ந்ததை நோக்கினால், இவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பது தெளிவாகும். மிகயீல் தெவ்யதாயெவ் என்னும் சண்டை விமானி 1944 ஜூலை 13ஆந் திகதி லிவோவ் நகரருகே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். பால்டிக் கடலிலுள்ள உசெதோம் தீவில், ஜேர்மனியரின் றொக்கெற் தளமான பேனமுண்டேயிற் கைதியாக வேலைசெய்தவர், 1945 பிப்ரவரி 8ஆந் திகதி பகைவரின் குண்டுவீச்சு விமானமொன்றையே கைப்பற்றி, மேலும் ஒன்பது கைதிகளுடன் சோவியத் படைகளிடம் பறந்து வந்தார். உலகப் போர் வரலாற்றில் இதற்கு இணையான தப்புதல்கள் சிலவே. அவருக்குக் கிடைத்த வரவேற்போ விசாரணையும் தடுப்பு முகாமும். போருக்குப் பின்னரும் ஐயத்தின் நிழலிலே, கசான் நகர நதித்துறைமுகத்தில் உழைத்து வாழ்ந்தார். 1957இலேதான் அவருக்கு வீரர் விருது வழங்கப்பட்டது.

மாஸ்கோ நிலக்கீழ் இரயிற்பாதையை அமைத்த தொழிலாளருள் ஒருவராயிருந்து பின்னர் தரைத்தாக்குதல் விமானியான அன்னா யெகோரோவாவின் கதையும் இதுவே. 1944 ஓகஸ்டிற் போலந்து நாட்டிலே எரியும் விமானத்திலிருந்து வீழ்ந்து, தீக்காயங்களுடன் பகைவர் கையிற் சிக்கினார். அவர் மாண்டதாக வீட்டாருக்கு அறிவிக்கப்பட்டது. 1945 ஜனவரி இறுதியில் முகாம் விடுவிக்கப்பட்டபோது, எழுந்து நிற்கவும் இயலாதிருந்த அவரை வரவேற்றது இராணுவ எதிர்வேவுத் துறையின் நாட்கணக்கான விசாரணையே. இறந்தவராகக் கருதப்பட்டபோது போற்றப்பட்ட ஒருவர், உயிருடன் திரும்பியபோது குற்றவாளிபோல் நடத்தப்பட்டார். வீரர் விருது அவருக்கு 1965இலே கிடைத்தது.

ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட சோவியத் வீரர் ஏறத்தாழ 57 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் என்றும் வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். இப்பெருங் கொடுமைக்குப் பொறுப்பாளி நாசி ஜேர்மனியே. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அம்முகாம்களிலிருந்து தப்பிப்பிழைத்தவனைத் தன் சொந்த நாடே ஐயத்துடன் நோக்குமாயின், அவன் இருமுறை சிறைப்பட்டவனாகின்றான். ஸ்டாலின் மறைந்தபின், 1956 ஜூனில் சோவியத் கட்சியும் அரசும், முன்னாட் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் இழைக்கப்பட்ட சட்டமீறல்களைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றின. நடந்தது அநீதி என்பதை இங்ஙனம் அவ்வரசே ஒப்புக்கொண்டபின்னும், அதனைப் பேசுவது முற்போக்குக்கு மாறானது என எண்ணுவோர் எதனைக் காக்க முயல்கின்றனர் என்பதே நமது கேள்வி.

முதலாளித்துவ நாடுகள் தமது வீரர்களை மனிதநேயத்தால் மட்டுமே நினைவுகூர்ந்தன என்று கொள்வதும் தவறு. பேரரசுகளைக் காப்பதற்காகப் பிற நாட்டு மக்களையும் போருக்கு அழைத்துச் சென்றவை அவை. ஆயினும் ஒன்றை ஒப்புநோக்கலாம். இங்கிலாந்திலே றன்னிமீட் என்னுமிடத்தில் 1953இல் திறந்துவைக்கப்பட்ட நினைவாலயத்தில், கல்லறை அறியப்படாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உடல் கிடைக்காமை அங்கு ஒருவரது பெயரைக் கல்லிற் பொறிப்பதற்குக் காரணமாயிற்று. லிடியாவின் நாட்டிலோ அதுவே பெயரை விலக்கிவைப்பதற்குக் காரணமாயிற்று. ஸ்டாலின்கிராட்டிலும் கூர்ஸ்கிலும் பாசிசத்தின் முதுகெலும்பை முறித்த மக்களுக்கு இது தகுமா?

இனி, தேடலின் வரலாற்றுக்கு வருவோம். இன்னா பாஸ்போர்ட்னிக்கோவா தமது தோழியை மறக்கவில்லை. போர் முடிந்தபின் பல ஆண்டுகளாக, லிடியா வீழ்ந்த இடத்தைக் காணும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். அவருக்குப் பெருந்துணையாயிருந்தோர், உக்ரேனின் லுகான்ஸ்க் பகுதியிலுள்ள கிராஸ்னி லூச் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரின் பாடசாலை மாணவர்கள். வலென்தீனா வாஷ்சென்கோ என்னும் ஆசிரியை அவர்களை வழிநடத்தினார். அப்பிள்ளைகள் விடுமுறை நாட்களில் மியுஸ் நதிக்கரைக் கிராமங்களுக்குச் சென்று, போரைக் கண்ட முதியோரிடம் கேட்டறிந்தனர். வயல்களிலும் பள்ளங்களிலும் புதைந்து கிடந்த விமானச் சிதைவுகளைத் தோண்டி எடுத்தனர். இயந்திர இலக்கங்களைக் குறித்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களுக்குக் கடிதங்கள் எழுதினர்.

லிடியாவைத் தேடிச் சென்றவர்களுக்கு வேறு பலர் கிடைத்தனர். ஏறத்தாழ முப்பது விமானங்களின் சிதைவுகளும், அவற்றோடு வீழ்ந்த விமானிகள் பலரின் எச்சங்களும் இத்தேடலின்போது வெளிவந்தன. எங்கோ தொலைவிலுள்ள ஊர்களில், பல்லாண்டுகளாகச் செய்தியேதும் இன்றியிருந்த வீடுகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஒருவரைத் தேடி மற்றொருவரைக் கண்ட ஒவ்வொரு முறையும் அப்பிள்ளைகள் ஏமாற்றமடையாது அதனையும் தமது கடமையாகவே ஏற்றனர் என்பது போற்றற்குரியது.

1979இல் அவர்களுக்கு ஒரு செய்தி கிட்டியது. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1969இல், கொஷெவ்ன்யா என்னும் குடியிருப்பின் அருகே சிறுவர்கள் தற்செயலாக ஒரு விமானியின் எலும்புகளைக் கண்டனர் என்றும், அவை ஒரு பெண்ணுடையவை என அறியப்பட்டு, அண்மையிலுள்ள திமித்ரியெவ்கா கிராமத்துப் பொதுக்கல்லறையிற் பெயரின்றிப் புதைக்கப்பட்டன என்றும் தெரியவந்தது. அக்களத்திற் காணாமற்போன பெண் சண்டை விமானி வேறெவரும் இல்லை என்ற அடிப்படையில், அவர் லிடியாவே என்ற முடிவுக்குத் தேடியோர் வந்தனர். அதன் பின்னும் ஆவணங்களோடு ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியிலேயே இராணுவ ஏட்டில் ‘செய்தியின்றி மறைந்தவர்’ என்பது நீக்கப்பட்டு, போர்ப்பணியின்போது மாண்டவர் என்று திருத்தப்பட்டது. 1990 மே மாதத்தில் சோவியத் யூனியனின் தலைவர் கொர்பச்சேவ், லிடியா லிட்வியாக்குக்கு வீரர் விருதினை வழங்கினார். அடுத்த ஆண்டு முடியுமுன் அந்நாடே இல்லாதொழிந்தது.

இம்முடிவை ஏற்காதோரும் உளர். 586ஆவது பிரிவின் மெக்கானிக்காக இருந்து பின்னர் அதன் வரலாற்றாவணங்களைப் பேணிய எக்கத்தெரீனா பொலூனினா, லிடியா விமானத்திலிருந்து உயிருடன் மீட்கப்பட்டுச் சிறைப்பட்டிருக்கலாம் என வாதிட்டவர். பொதுக்கல்லறையிற் கிடப்பவர் அவரே என்பதை ஐயந்திரிபற நிறுவ இயலாது என்பதும் உண்மையே. ஆயின் இவ்விவாதம் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. லிடியா சிறைப்பட்டிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அவர் அதற்கு முன் ஆற்றிய பணியில் ஒரு துளியேனும் குறையுமா? எரியும் விமானத்திலிருந்து வீழ்ந்து, நினைவிழந்து பகைவர் கையிற் சிக்கிய ஒருவர் எக்குற்றம் இழைத்தவராவார்? தேடியோரின் நெடுநாள் உழைப்பெல்லாம் ‘அவர் சிறைப்படவில்லை’ என நிறுவுவதையே குறிக்கோளாகக் கொள்ள நேர்ந்தமை, 270ஆம் இலக்க ஆணையின் நிழல் எத்துணை நீண்டது என்பதைக் காட்டுகின்றது. சிறைப்படுதல் குற்றமன்று என்ற எளிய உண்மை ஏற்கப்பட்டிருக்குமாயின், அவர் வீரர் என்பதை நிறுவுவதற்கு எலும்புகளைத் தோண்டவேண்டிய தேவையே எழுந்திராது.

அரசின் ஐயத்துக்கு ஒரு பொருளியல்பு உண்டு என்பதையும் நாம் மறத்தலாகாது. எவரையும் ஐயுறும் ஆட்சியில், ஐயம் எழுப்புபவனுக்குச் செலவில்லை. ஐயத்தை நீக்க முயல்பவனே எல்லாச் செலவையும் ஏற்கவேண்டியிருக்கின்றது. ஓர் எழுத்தர் ஒரு நொடியில் எழுதிய சொற்றொடரை நீக்குவதற்கு, எத்தனையோ மனிதரின் விடுமுறை நாட்களும், கடிதங்களும், கால்நடைப் பயணங்களும் தேவைப்பட்டன. மக்கள் அரசுக்குக் கணக்குக் காட்டினர். காணாமற்போனவரைத் தேடிக் கணக்குக் காட்டவேண்டிய கடமை தன்னுடையது என்பதை அரசு நெடுங்காலம் உணரவில்லை. பாட்டாளிகளின் பெயரால் ஆளும் அரசாயினும் வேறெந்த அரசாயினும், காணாமற்போனவரைப் பற்றிய கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பு அதனையே சாரும். விடையின்மைக்குக் காணாமற்போனவரையே குற்றவாளியாக்குவது எக்கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாத செயல்.

லிடியாவும் தோழர்களும் வீழ்ந்த அந்நிலம் 2014இல் மீண்டும் போர்க்களமாயிற்று. மியுஸ் போரின் நினைவாகச் சோவியத் காலத்தில் சாவுர் மொகிலா என்னும் குன்றின்மேல் எழுப்பப்பட்ட பெருந்தூபி அவ்வாண்டுக் கோடையில் நடந்த சண்டையில் இடிந்து வீழ்ந்தது. ஒருகாலத்தில் ஒரே கொடியின் கீழ் நின்று பாசிசத்தை எதிர்த்தோரின் பேரர்கள், அதே பள்ளங்களினுள் ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டனர். 2022இற் போர் மேலும் விரிந்தபின் அங்கு புதிதாகக் காணாமற்போனோரின் பட்டியல்கள் எழுதப்படலாயின. அப்பட்டியல்களிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் உண்டு.

வரலாறு என்பது அரசுகள் தம் ஏடுகளில் எழுதிவைத்தது மட்டுமே என எண்ணும் மாணவர்க்கு, கிராஸ்னி லூச் பாடசாலையின் கதையை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அச்சுரங்க நகரப் பிள்ளைகள் பாடநூலிற் படித்ததை ஒப்புவித்ததோடு நில்லாது, முதியோரிடம் கேட்டனர், மண்ணிலே தேடினர், கிடைத்ததை ஆவணத்தோடு ஒப்பிட்டனர், பொருந்தாதவிடத்து ஆவணத்தையே திருத்துமாறு கோரினர். இதுவே வரலாற்றுக் கல்வி. இக்கல்வியைப் பெற்ற மாணவன் எந்த ஏட்டையும் கண்மூடி நம்பமாட்டான். எந்த வதந்திக்கும் எளிதில் இரையாகவும் மாட்டான். நம் வகுப்பறைகளில் இத்தகைய கல்விக்கு எவ்வளவு இடம் இருக்கின்றது என்பதை நம் ஆசிரியர்கள் தம்முள் கேட்டுப் பார்ப்பார்களாக.